கல்லும் பெயரும்: எண்ணப்படாத இறப்புகளின் வரலாறு

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறுவோர் அரைமணி நேரத்திற்குள் மூன்று வகை இறப்புகளின் நிலத்தைக் கடந்து செல்கின்றனர். பல்லாவரத்துக் குன்றுப் பகுதியில் பெருங்கற்கால மக்களின் சுடுமண் ஈமப்பேழை அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதில் கிடத்தப்பட்டவர் யாரென்று கூற எவரும் இல்லை. அடுத்து மீனம்பாக்கம் வருகிறது. அதன் கதை பின்னர். பரங்கிமலையில் இறங்கிப் பூந்தமல்லிச் சாலையில் சென்றால் நந்தம்பாக்கத்தில் அகன்ற புல்வெளி ஒன்று தென்படும். பேருந்தில் போகிறவர் அதனைப் பூங்கா என்றே நினைப்பர். அது சென்னைப் போர்க்கல்லறைத் தோட்டம்.

தென்னிந்தியாவிலும் இந்தியாவின் கிழக்குப் பகுதியிலும் பேணுவாரின்றிப் போகக்கூடிய பல இடுகாடுகளிலிருந்து இரண்டாம் உலகப்போர்க்காலப் படையினரின் எச்சங்கள் கொண்டுவரப்பட்டு, 1952இல் இத்தோட்டம் அமைக்கப்பட்டது. 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள் இங்குள்ளன. ஒரே அளவான கற்கள், நேரான வரிசைகள். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் என ஒவ்வொரு கல்லும் ஓர் ஆளுக்குரிய சான்று. முதல் உலகப்போரின்போது இந்தியாவின் வெவ்வேறு மூலைகளில் இறந்து, பின்னர் கல்லறையைப் பேண முடியாமற்போன 1,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களும் இங்கேயே நினைவுச்சின்னமொன்றில் பொறிக்கப்பட்டுள்ளன. 1917இல் தோன்றிய போர்க்கல்லறை ஆணையத்தின் கொள்கை எளிமையானது: இறந்தவன் சிப்பாயாயினும் தளபதியாயினும் அவன் பெயர் ஓரிடத்தில் எழுதப்பட வேண்டும். இக்கொள்கை ஆசிய, ஆப்பிரிக்கப் படையினர் திறத்தில் பெருமளவு மீறப்பட்டதை 2021இல் அவ்வாணையமே ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்றும், அத்தொகை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

பெயரும் பெருமையும் பொறித்துக் கல் நடுவது தமிழர்க்குப் புதிதன்று. அவ்வழக்கை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. ஆயினும் அந்தக் கல்லும் பொருதவனுக்கே உரியதாய் இருந்தது. ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்தவனுக்குக் கல் உண்டு. ஊரெரிந்தபோது வீட்டோடு எரிந்தவளுக்குக் கல் எழுப்பியதாகச் செய்தி அரிது. நந்தம்பாக்கத்தில் துயிலும் படையினர் வாழ்ந்த அதே போரில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் நிலை இதற்குச் சான்று. அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். அவர்கள் காஞ்சனாபுரி முதலிய இடங்களில் தனித்தனிக் கல்லின்கீழ் உறங்குகின்றனர். அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை என்று அதே ஆணையம் குறிக்கின்றது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட 20,000, அங்கு மாண்ட போர்க்கைதிகள் அனைவரினும் மிகுதி. கணக்கெழுதும்போது இருந்தாரோ இல்லையோ என்று ஐயுறத்தக்கவராய் இருபதினாயிரம் பேர் நின்றுவிட்டனர். காரணம், கைதிகளின் முகாமில் அதிகாரிகள் இருந்தனர். மருத்துவர் இருந்தனர். ஒளித்துவைத்தேனும் நாட்குறிப்பு எழுதினர். கூலிகளின் கொட்டகையில் வாந்திபேதி வந்தபோது எழுத எவருமில்லை.

மீனம்பாக்கத்துக்கு வருவோம். 1984 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு, கொழும்பு விமானத்திற்கென வந்த பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்த குண்டு விமான நிலையக் கட்டிடத்திலேயே வெடித்தது. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இலங்கையர். ஈழத்துப் போராட்டக் குழுவொன்றைச் சார்ந்தோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. சென்னையின் தென்புறநகர் அப்போரின் இறப்பைத் தன் முற்றத்திலேயே கண்ட நாள் அது. கொடுமையான நிகழ்ச்சியே, ஆனால் இறந்தவர் யார் என்பதில் நெடிய வழக்கு எழவில்லை. விமானப் பயணிகளின் பட்டியல் இருந்தது. காவல் நிலையம் இருந்தது. பிணப் பரிசோதனை செய்ய மருத்துவமனை இருந்தது. மறுநாட் காலை செய்தியாளர் உள்ளே வந்து பார்த்து எழுதினர். பேரழிவொன்றில் இறந்தோரை எண்ணுவதற்கு வேண்டியவை இவ்வளவே. இவற்றுள் ஒவ்வொன்றாக அகற்றப்படுமானால் என்ன நிகழும் என்பதை அறிய, மீனம்பாக்கத்திலிருந்து நானூறு கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட தொலைவிலுள்ள முல்லைத்தீவுக் கடற்கரையை நோக்க வேண்டும். அதற்கு முன்பாக யாழ்ப்பாணத்தில் ஓர் ஒத்திகை நடந்தது. அதில் இந்தியாவுக்கும் பங்குண்டு என்பதைத் தமிழ்நாட்டு மேடைகள் பலவும் விரைந்து கடந்துவிடுகின்றன.

1987 அக்டோபர் 10ஆம் நாள் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அன்றே யாழ்ப்பாணத்தில் ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகிய நாளிதழ்களின் அச்சகங்கள் அமைதிப்படையினரால் தகர்க்கப்பட்டன. (இம்முரசொலி சென்னையில் வெளிவரும் இதழன்று; யாழ்ப்பாணத்தது.) முதலில் அடங்கியது அச்சு எந்திரம் என்பதைக் கருதுக. அதன்பின் பதினொரு நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அமைதிப்படையினர் புகுந்தனர். மறுநாள்வரை நீடித்த துப்பாக்கிச்சூட்டில் மருத்துவர், தாதியர், நோயாளர் என 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இருதரப்புச் சண்டைக்கிடையே சிக்கியவர்கள் என்பது படைத்தரப்பின் விளக்கம். உயிர்தப்பியவர்கள் கூறியது வேறு. அக்கூற்றுகளைத் திரட்டியவர்கள், பெரிய நிறுவனம் எதனையும் சார்ந்தவர்கள் அல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் நால்வர் — ராஜன் கூல், தயா சோமசுந்தரம், கே. சிறீதரன், ராஜினி திராணகம — தெருத்தெருவாகச் சென்று கேட்டு எழுதினர். அதன் விளைவே ‘முறிந்த பனை’ என்னும் நூல். இந்தியப் படை செய்ததையும் புலிகள் செய்ததையும் மற்றைய இயக்கங்கள் செய்ததையும் அந்நூல் ஒரே மையில் எழுதிற்று. உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த ராஜினி 1989 செப்டம்பர் 21ஆம் நாள் மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே அதனைச் செய்தனர் என்பது அவருடைய தோழர்களின் உறுதியான குற்றச்சாட்டு.

இலங்கையில் உயிரிழந்த இந்திய அமைதிப்படையினர் 1,100-க்கும் மேற்பட்டோர். கொழும்பை அடுத்த சிறீ ஜெயவர்த்தனபுரத்தில் 2008இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் அவர்கள் பெயர்கள் உள்ளன. அப்படையின் காலத்தில் மாண்ட யாழ்ப்பாணத்துக் குடிமக்களுக்கு அத்தகைய பட்டியலை எந்த அரசும் வெளியிட்டதில்லை.

வன்னியில் மனித உரிமைக்கான வடகிழக்குச் செயலகம் 2004இல் தோன்றியது. அதன் முதல்வராயிருந்த அருட்தந்தை எம். எக்ஸ். கருணாரத்தினம் 2008 ஏப்ரல் 20ஆம் நாள் கண்ணிவெடித் தாக்குதலில் கொல்லப்பட்டார். 1956 முதல் 2008 வரை தமிழர்மீது நிகழ்ந்த படுகொலைகளைப் பற்றி அச்செயலகம் தொகுத்த நூல் 2009இல் சென்னையில் அச்சேறியது. பல ஊர்களுக்குப் பெயர்ப்பட்டியலும் அதில் உண்டு. புலிகளின் ஆட்சிப்பகுதியிலிருந்து எழுதப்பட்டமையால் புலிகளின் கையால் இறந்தோர்க்கு அதில் இடமில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையின்போது கொல்லப்பட்ட 100-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை அறிய வேறு நூலைத்தான் நாட வேண்டும். தொகுத்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எவர் நிலத்தில் நின்று எழுதுகிறோமோ அந்நிலத்தின் எல்லை ஏட்டிலும் விழுந்துவிடுகிறது.

2008 செப்டம்பரில் வன்னியில் பணியாற்றும் தொண்டு நிறுவனத்தாரின் பாதுகாப்புக்கு இனிப் பொறுப்பேற்க இயலாதென இலங்கை அரசு அறிவித்தது. ஐக்கிய நாடுகள் அவையின் வெளிநாட்டு அலுவலர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகவேண்டாம் என்று மக்கள் அலுவலக வாயிலில் கூடி மன்றாடினர். சுதந்திரமான செய்தியாளர் எவரும் போர்முனைக்குள் விடப்படவில்லை. எஞ்சியிருந்த அயலாருள் செஞ்சிலுவைச் சங்கத்தார் மட்டும் சில காலம் உள்ளிருந்தும், பின்னர்க் கடல்வழியே காயமுற்றோரை ஏற்றிச் சென்றும் பணிபுரிந்தனர். மறுபுறம் புலிகள் மக்களைத் தம்மோடு நகர்த்திச் சென்றனர்; தப்பியோட முயன்றோரைச் சுட்டனர்; சிறுவர்களையும் படைக்கு இழுத்தனர். ஆக, உள்ளே வருவதற்கான கதவை ஒருவரும் வெளியேறுவதற்கான கதவை மற்றவரும் அடைத்தனர்.

இறந்தோரின் கணக்கு சிதைவதற்கு முன்பாக உயிரோடிருந்தோரின் கணக்கே சிதைக்கப்பட்டது. இதுவே இவ்வரலாற்றின் அதிகம் பேசப்படாத பகுதி. 2009 பிப்ரவரியில் முல்லைத்தீவு மாவட்ட அலுவலர்கள் தம் பகுதியிலிருந்த மக்கள் 3,30,000 என்று எழுதினர். கொழும்பு அரசோ 70,000 அளவே என்றது. ஏப்ரல் இறுதியில், எஞ்சியோர் 10,000-க்கு மேல் இரார் என்று கொழும்பில் சொல்லப்பட்டது. அதற்குப் பின்னரும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உயிரோடு வெளிவந்தனர். முடிவில் முகாம்களில் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 2,80,000 பேர். இது ஏட்டளவில் நின்ற பிழையன்று. கப்பலேறும் அரிசியும் மயக்க மருந்தும் தலைக்கணக்கைப் பொறுத்தே அளக்கப்பட்டன. எழுபதினாயிரம் பேர்க்கான கஞ்சி மூன்று இலட்சம் பேரிடையே பகிரப்பட்டது.

அவ்வேளையில் எண்ணியவர்கள் இரு சாரார். ஒரு சாரார் மருத்துவர்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகிய அரசு மருத்துவர்கள் புதுக்குடியிருப்பிலும் பின்னர்ப் புதுமாத்தளனிலும் இறுதியில் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடங்களிலும் கொட்டகைகளிலும் மருத்துவமனை நடத்தி, அன்றன்று கொண்டுவரப்பட்ட பிணங்களையும் புண்பட்டோரையும் தொலைபேசி வழியாக உலகுக்குக் கூறினர். மருத்துவமனைக்கு வந்து சேராமல் பதுங்குகுழியிலேயே இறந்து அங்கேயே மூடப்பட்டோர் அவர்கள் கணக்கில் வாரார். மே மாத நடுவில் வெளியேறிய மருத்துவர்கள் கைது செய்யப்பட்டனர். ஜூலை 8ஆம் நாள் காவலில் இருந்தபடியே செய்தியாளர்முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் கூறியவை மிகையென்றும், ஜனவரி முதல் மே நடுப்பகுதிவரை இறந்தோர் 650 முதல் 750 வரை என்றும் கூறினர். பின்னர் அமெரிக்கா சென்ற வரதராஜா, அவ்வாக்குமூலம் அச்சுறுத்தலின்கீழ்ச் சொல்லப்பட்டது என்றார்.

மற்றொரு சாரார், கொழும்பிலிருந்த ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் சிறு குழுவினர். உள்ளே சிக்கியிருந்த தம் உள்ளூர் ஊழியர், மருத்துவர், சமயத்தார் ஆகியோர் தந்த செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒத்துவந்தவற்றையே ஏட்டிலேற்றினர். 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்தனர், 18,479 பேர் காயமுற்றனர் என்பது அக்குழுவின் கணக்கு. அதனை ஐக்கிய நாடுகள் அவை முழுமையாக வெளியிடவில்லை. மார்ச்சில் மனித உரிமை ஆணையர் நவநீதம் பிள்ளை, ஜனவரி 20 முதல் 2,800 பேர் வரை இறந்திருக்கலாம் என ஒருமுறை கூறினார். இக்கணக்கு மே 13ஆம் நாளோடு நின்றது. மிகக் கொடிய நாட்கள் அதன்பிறகே வந்தன. 2011இல் ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு, 40,000 வரை இறந்திருக்கலாம் என்னும் மதிப்பீட்டைத் தள்ள இயலாதென்றது. 2012இல் சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளாய்வு, 70,000-க்கும் மேற்பட்டோர் நிலை தெரியவில்லை என்னும் தகவல்களையும் சுட்டி, உலக மன்றத்தின் மௌனத்தைத் தவறென ஒப்புக்கொண்டது.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கொடுத்த கணக்கோ முற்றிலும் வேறு முறையிலானது. 2008 அக்டோபரில் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், பதிந்த வன்னி மக்கள்தொகை 4,29,059. அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோராக அரசு பதிந்தது 2,82,380. எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று அவர் வினவினார். அவர் கேட்டது கேள்வி. அத்தனை பேரும் இறந்தனர் என்று அவர் முடிவு கூறவில்லை. முதல் தொகையில் பதிவுப்பிழை இருக்கலாம், கடல்வழி தப்பியோரும் முகாமில் பதியாமல் வெளியேறியோரும் இருக்கலாம், போராளிகளும் அதிலடங்குவர். அரசு தன் ஏட்டைத் திறந்து ஒவ்வொரு கூறாகக் கழித்துக்காட்டியிருந்தால் அக்கேள்வி சுருங்கியிருக்கும். அவ்வாறு செய்யாமையால் அக்கேள்வியே எண்ணாக உறைந்தது.

மே மாதத்துக் கவியரங்குகளில் இவ்வெண்கள் படும் பாட்டை இலக்கிய அன்பர்கள் அறிவர். ஒரு கவிஞர் நாற்பதினாயிரம் என்பார். அடுத்தவர் ஒன்றரை இலட்சம் என்பார். மூன்றாமவர் சந்தம் கருதி இலட்சோப இலட்சம் என்பார். மூன்றுக்கும் ஒரே அளவு கைதட்டல் எழும். கவிதைக்கு எண் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஆனால் எண்ணை எடுத்தாளும் கவிஞர் அது எவ்வழி வந்ததென்று அறிந்திருத்தல் நலம். ஏனெனில் மிகைபட்ட எண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எல்லாமே கட்டுக்கதை என்று வாதிடுவோர்க்கு அது எளிய படைக்கலமாகிவிடுகிறது. போரின்போது குடிமக்கள் இழப்பே இல்லையென்று சாதித்த கொழும்பு, 2011இல் தன் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையில் இழப்பு நேர்ந்தது என்னும் அளவுக்கேனும் இறங்கிவர வேண்டியிருந்தது. அதனை இறக்கியவை ஏடும் சாட்சியமும் நிழற்படமுமே.

பொஸ்னியாவின் அனுபவம் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரில் இரண்டு இலட்சம் பேர் மாண்டனர் என்பது அங்கு நெடுங்காலம் ஐயமற்ற உண்மையாய் வழங்கியது. சரயேவோ நகரில் மிர்சாத் தொகாச்சா தலைமையில் ஆய்வு மையமொன்று, ஊர்தோறும் சென்று பெயர்பெயராகத் திரட்டி 2007இல் கணக்கு வெளியிட்டது: 97,207 பேர். எண் பாதியானதைக் கண்டு பலர் சினந்தனர், துரோகம் என்றனர். ஆயினும் அப்பட்டியலில் ஒவ்வொருவர்க்கும் பெயர் இருந்தது, இறந்த இடம் இருந்தது. குடிமக்களில் பெரும்பான்மையோர் பொஸ்னிய முஸ்லிம்களே என்பதும் அதனாலேயே மறுக்கவொண்ணாமல் நிலைபெற்றது.

பெயர்ப்பட்டியலால் எண் குறையவே செய்யும் என்பதுமில்லை. பெரு நாட்டில் 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இறந்தோரும் காணாமற்போனோரும் 69,280 என உண்மை அறியும் ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. அதுவரை நிலவிய எண்ணிக்கையினும் அது பெரிதும் மிகுதி. அம்மதிப்பீட்டின் முறை பலர் நினைப்பதுபோல் மாயமன்று. ஒரு திருமணத்துக்கு வந்தோரின் பெயர்களை மணமகன் வீட்டார் ஒருவரும் மணமகள் வீட்டார் ஒருவரும் தனித்தனியே குறித்துக்கொள்வதாகக் கொள்க. இரு பட்டியலிலும் பெரும்பாலும் அதே பெயர்கள் இருப்பின் விடுபட்டோர் சிலரே. பொதுவான பெயர்கள் அரிதாயின், இருவர் கண்ணிலும் படாமல் உண்டு சென்றோர் மிகப் பலர். பட்டியல்களின் ஒற்றுமையிலிருந்து விடுபட்டோரை அளக்கும் இக்கணிதம், பட்டியல்கள் இருந்தால்தான் நடக்கும். 2018இல் இலங்கைப் போரின் இறுதி நாட்களில் படையினரிடம் சரணடைந்தபின் காணாமற்போனோர் குறித்து இம்முறையே கையாளப்பட்டு, அவர்கள் ஏறத்தாழ 503 பேர் என மதிப்பிடப்பட்டது. முள்ளிவாய்க்காலின் மொத்த இறப்புக்கு அத்தகைய முழுமையான பெயரேடு இன்றும் இல்லை.

பெயரேடு இல்லாமைக்கு அரசின் தடை மட்டுமே காரணமன்று. குடும்பம் முழுவதும் மாண்ட வீட்டுக்கு எழுதித்தர ஆளில்லை. இழுத்துச் செல்லப்பட்டுப் பத்து நாட்பயிற்சியோடு களத்தில் இறந்த சிறுமியைப் போராளியென்று எழுதுவதா, குடிமகள் என்று எழுதுவதா? தப்பியோடுகையில் புலிகளின் துப்பாக்கிக்கு இரையானவரின் பெற்றோர், அண்டைவீட்டார் என்ன சொல்வரோ என்று எறிகணை என்றே எழுதிவைப்பதுண்டு. எனவே பல்கலைக்கழக ஆசிரியர்களின் அதே மனித உரிமை அமைப்பு 2009 டிசம்பரில் வன்னி மக்களின் சாட்சியங்களைத் தொகுத்தபோது, எண்ணை விடுத்து, அவரவர் கண்டதைக் கண்டபடியே சொல்லவைத்தது. வருங்காலத்தில் எண்ணப்போகிறவர்க்கும் அத்தொகுப்பே கூடுதல் பயன் தரும்.

மாண்ட போராளிகளுக்குத் துயிலும் இல்லங்கள் இருந்தன. நந்தம்பாக்கத்தைப் போலவே வரிசையான கற்கள், பெயர்கள். போருக்குப்பின் இராணுவம் அவற்றை உழுது தரைமட்டமாக்கியது. குடிமக்களின் கல்லை இடிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

சான்றிதழ் என்னும் தாளில் இவ்வழக்கு இன்றும் நடந்துவருகிறது. காணாமற்போனோர்க்கு இறப்புச் சான்றிதழ் வழங்க 2010இல் இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது. வங்கிக் கணக்கும் காணியும் மாற்றிக்கொள்ளச் சான்றிதழ் தேவைப்பட்டும் தாய்மார் பலர் அதனை வாங்க மறுத்தனர். எந்நாள், எவ்விடம், எக்காரணம் என்று கூறாத தாளில் தம் பிள்ளையை இறந்தவனாக ஒப்புக்கொள்ள அவர்கள் இசையவில்லை. 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று வேறொன்று கொணரப்பட்டது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் அமர்ந்த தாய்மார் கையில் ஏந்தியிருந்தவை ஒளிப்படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர். தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே தொகுக்கப்பட்ட பட்டியல்களுள் மிக நம்பத்தக்கது எதுவெனக் கேட்பின், அப்பந்தலைக் காட்டலாம். அங்கிருந்து மடிந்துபோன தாய்மாரோடு அப்பட்டியலின் சில பக்கங்களும் போய்விட்டன.

2025இல் யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் நிகழ்ந்த அகழ்வில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளுடையவையும் அவற்றுள் உண்டு. இவை எந்தக் காலத்தவை, எவர் புதைத்தவை என்பன இனி முடிவாக வேண்டியவை. ஆகஸ்ட் 5ஆம் நாள், எலும்புகளோடு கிடைத்த பொருட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன: துணிகள், காலணிகள், நீலநிறப் பள்ளிப்பை ஒன்று. அவற்றுள் தம்முடையது ஏதேனும் உண்டா என்று பார்க்க, காணாமற்போனோரின் குடும்பத்தார் வந்து வரிசையில் நின்றனர்.